பஞ்சம் வருமுன் பிறந்த பிள்ளைகள்



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஒரு தாய். தம் பெயரையும் பங்கின் பெயரையும் வெளியிட வேண்டாமெனக் கேட்டுக்கொண்டுள்ளார். கடிதத்தின் சாரம் இது:

“சுவாமி, என் மகள் படிப்பை முடித்து வேலைக்குச் செல்கிறாள். நல்ல இடத்திலிருந்து வரன் வந்திருக்கிறது. பையனையும் அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால், ‘திருமணம் செய்துகொள்கிறேன் அம்மா, பிள்ளை மட்டும் பெற மாட்டேன். நாளுக்கு நாள் சூடேறிக்கொண்டிருக்கும் இந்தப் பூமியில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து விட எனக்கு மனம் வரவில்லை’ என்கிறாள். அதட்டிப் பார்த்தேன்; அழுதும் பார்த்தேன். அவள் அசையவில்லை. செபமாலை சொல்லும் நேரத்திலும் இதே நினைவுதான். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறதா? நான் அவளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?”

அந்தத் தாய்க்கு முதற்கண் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அம்மா, மகளை அதட்டாதீர்கள். திருமணத்தைப் பற்றிய திருச்சபைச் சட்டத்தை எடுத்துக்காட்டி அவளை வாயடைக்கச் செய்வது எளிது. ஆனால் அவள் எதிர்த்து நிற்பது சட்டத்தை அன்று. இன்னும் பிறவாத ஒரு குழந்தையை நினைத்து அவள் அஞ்சுகிறாள். பிறவாத பிள்ளைக்காக இவ்வளவு கவலைப்படுகிறவளின் உள்ளத்தில் தாய்மை ஏற்கெனவே குடிகொண்டிருக்கிறது என்பதை மறவாதீர்கள்.

அவள் சொல்வதில் உண்மை உண்டா? உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. நாம் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்கும்போது கரியமில வாயு வெளிவருகிறது. இயந்திரத் தொழில்கள் பெருகுவதற்கு முன்னே 10 லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு ஏறக்குறைய 280 பங்கு இருந்தது. 1958-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மலையொன்றில் சார்லஸ் கீலிங் என்னும் அறிஞர் அதை இடைவிடாது அளக்கத் தொடங்கியபோது 315 பங்கை எட்டியிருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இவ்வாயு பூமியின் மேல் ஒரு கம்பளிபோல் கிடந்து, வானுக்குத் திரும்பிச் செல்ல வேண்டிய வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. கம்பளி தடிக்கத் தடிக்க உள்ளே வெப்பம் கூடுகிறது. அளவுகள் குறிக்கப்பட்ட காலம் முதல் இதுவரை மிக வெப்பமான ஆண்டு 2024. தொழில்யுகத்துக்கு முந்தைய நிலையைவிட அவ்வாண்டு ஏறக்குறைய 1.5 டிகிரி செல்சியஸ் மிகுந்திருந்தது.

ஒன்றரை டிகிரிதானே என்று எண்ணிவிடக் கூடாது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏறக்குறைய 7 விழுக்காடு அதிகமான நீராவியைச் சுமக்கவல்லது. சுமந்ததை ஓரிடத்தில் இறக்கும்போது மழை பேய்மழையாகிறது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். தமிழகத்தில் சராசரியாக ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையை அவ்வூர் ஒரே நாளில் பெற்றது. ஒரு குறிப்பிட்ட மழைக்கு இதுவே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆயினும் இத்தகைய மழைக்கும் வெயிலுக்கும் உலகை நாமே ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறோம் என்பதில் அறிஞர்களுக்குள் ஐயமில்லை.

ஆகவே உங்கள் மகள் கற்பனையைக் கண்டு நடுங்கவில்லை. ஆனால் அவள் அறிந்திருப்பது பாதிக் கதை. மறுபாதியை நான் சொல்லுகிறேன். நீங்களும் அவளும் ஒன்றாய் உட்கார்ந்து வாசியுங்கள்.

நம் வீடுகளில் இருக்கும் குளிர்பதனப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். நூறாண்டுகளுக்கு முன்னே அப்பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டையாக்சைடு போன்ற நச்சு வாயுக்களைப் பயன்படுத்தினர். அவை கசிந்தால் வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கே ஆபத்து. 1928-இல் அமெரிக்காவில் இதற்கு மாற்று கண்டுபிடிக்கப்பட்டது. குளோரோபுளூரோகார்பன் என்பது அதன் பெயர். தீப்பற்றாது, நஞ்சன்று, மணமில்லை. உலகமே அதை வாழ்த்தி வரவேற்றது. குளிர்பதனப் பெட்டிகளிலும் குளிர்சாதனங்களிலும், வாசனை நீரைத் தெளிக்கும் குப்பிகளிலும், மெத்தை செய்யும் நுரையிலும் அது இடம் பிடித்தது. மனிதருக்குத் தீங்கு செய்யாத பொருள் என்றே எல்லாரும் நம்பினர்.

1974-ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டவரான மரியோ மொலினா என்னும் இளைஞரும், அமெரிக்கப் பேராசிரியர் ஷெர்வுட் ரோலண்டும் ஓர் எளிய கேள்வியைக் கேட்டனர். எதனோடும் சேராத, எதனாலும் அழியாத இவ்வாயு கடைசியில் எங்கே போகிறது? அவர்கள் கண்ட விடை அச்சந்தருவதாய் இருந்தது. அது மெல்ல மெல்ல மேலேறி, ஓசோன் படலத்தை எட்டுகிறது. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் நம்மைத் தாக்காதபடி இறைவன் விரித்து வைத்த குடை அப்படலம். அக்குடை இல்லையேல் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும், பயிர்களும் பாதிக்கப்படும். அங்கே சென்ற அவ்வாயு சிதைந்து குளோரினை விடுவிக்கிறது. குளோரின் அணு ஒன்றே ஓசோன் மூலக்கூறுகள் பல்லாயிரத்தை அழித்துவிடும்.

இதைச் சொன்ன இருவரும் ஏளனத்துக்கு ஆளாயினர். அவ்வாயுவைத் தயாரித்த தொழிலதிபர்கள், இது வெறும் ஊகம் என்றனர். எனினும் அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தினர் பலர், அரசின் ஆணைக்குக் காத்திராமல், அத்தகைய தெளிப்புக் குப்பிகளை வாங்குவதைக் குறைத்துக்கொண்டனர். 1978-இல் அந்நாட்டில் சட்டமே வந்தது. குடும்பத் தலைவியர் கடையில் செய்த சிறு தீர்மானம் முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது.

1985-இல் தென்துருவத்தில் பணிபுரிந்த பிரிட்டிஷ் அறிஞர்கள் மூவர், அங்கே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தனர். குடையில் ஓட்டை விழுந்துவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1987 செப்டம்பர் 16 அன்று, கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 24 நாடுகள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அமெரிக்காவும் ருசியாவும் பகைமை பாராட்டி வந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். ஏழை நாடுகள், “நீங்கள் செய்த பிழைக்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும்?” என்று கேட்டன. அக்கேள்வியில் நியாயம் இருந்தது. எனவே 1990-இல் செல்வ நாடுகள் பொது நிதி ஒன்றை ஏற்படுத்த இசைந்தன. 1992-இல் நம் இந்தியாவும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இன்று அதில் 198 தரப்புகள் உள்ளன. உலகில் அதற்கு வெளியே நிற்கும் நாடு ஒன்றுமில்லை.

விளைவு என்ன? ஓசோனைக் கெடுக்கும் பொருள்களில் ஏறக்குறைய 99 விழுக்காடு கைவிடப்பட்டுவிட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஆதரவில் அறிஞர்கள் 2023 சனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, இன்றைய நடைமுறை தொடருமானால், உலகின் பெரும்பகுதியில் 2040-ஆம் ஆண்டளவிலும், தென்துருவத்தின் மேல் 2066-ஆம் ஆண்டளவிலும், அப்படலம் 1980-இல் இருந்த நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் மகளுக்கு ஒரு பிள்ளை பிறக்குமானால், அப்பிள்ளை நடுவயதை எட்டும்போது தென்துருவத்து ஓட்டையும் அடைபட்டிருக்கும். மனிதர் கையால் கிழிந்த வானம், மனிதர் கையாலேயே தைக்கப்பட்டு வருகிறது. இதைப் பள்ளிகளில் பாடமாகவும் கோவில்களில் நன்றி மன்றாட்டாகவும் சொல்ல வேண்டுமன்றோ? ஆனால் கெட்ட செய்திக்குக் கிடைக்கும் செவிகள் நல்ல செய்திக்குக் கிடைப்பதில்லை.

இக்கதையில் நம்மவர் ஒருவருக்கும் பங்குண்டு. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வீரபத்ரன் ராமநாதன் என்பவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். படிப்பு முடிந்ததும் குளிர்பதனப் பெட்டித் தொழிலில் பணியாற்றி, அவ்வாயு கசிவதைத் தடுக்கும் வழியைத் தேடினார். பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியாளரானார். 1975-இல் அவர் ஓர் உண்மையை வெளிப்படுத்தினார். குளோரோபுளூரோகார்பன் ஓசோனை அழிப்பதோடு நில்லாமல், வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமை உடையது என்பதே அது. ஆகையால் மாண்ட்ரியாலில் குடையைத் தைத்தவர்கள், கம்பளி மேலும் தடிக்காமலும் ஓரளவு தடுத்துவிட்டார்கள். அவ்வொப்பந்தம் மட்டும் இல்லாதிருந்தால், இந்நூற்றாண்டின் நடுவில் உலகம் மேலும் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை வெப்பமடைந்திருக்கும் என்பது அறிஞர்களின் கணிப்பு.

அதே ராமநாதன் 2004 முதல் திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் உறுப்பினராக இருக்கிறார். 2014-இல் வத்திக்கானில் நடந்த கருத்தரங்கின்போது திருத்தந்தை பிரான்சிசுவிடம் சில நிமிடங்கள் பேசும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. காற்றை மாசுபடுத்துவதில் பெரும்பங்கு செல்வம் மிக்கோருடையது. அதன் தண்டனையை முதலில் சுமப்போரோ ஏழைகள் என்பதை அவர் எடுத்துரைத்தார். மறு ஆண்டு, 2015 சூன் மாதத்தில், ‘இறைவா உமக்கே புகழ்’ என்று பொருள்படும் ‘லவுதாத்தோ சீ’ என்னும் சுற்றுமடலைத் திருத்தந்தை வெளியிட்டார். நிலத்தின் ஓலத்தையும் ஏழையின் ஓலத்தையும் ஒன்றாகவே கேட்க வேண்டும் என்பது அம்மடலின் உயிர்நாடி. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று பாரிசு நகரில் ஏறக்குறைய உலக நாடுகள் அனைத்தும், வெப்பநிலை உயர்வை 2 டிகிரிக்கு மிகவும் கீழே நிறுத்தவும், இயன்றால் 1.5 டிகிரியோடு நிறுத்தவும் உடன்பட்டன.

கரியமில வாயுவும் அவ்வளவு எளிதில் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. குளோரோபுளூரோகார்பனைச் செய்த ஆலைகள் சிலவே. அதற்கு மாற்றும் கிடைத்தது. கரியமில வாயுவோ அடுப்பிலும் பேருந்திலும் மின்விளக்கிலும் சிமெண்டிலும் கலந்திருக்கிறது. பாரிசில் கொடுத்த வாக்கை நாடுகள் முழுமையாகக் காப்பாற்றவுமில்லை. இன்றைய போக்கே நீடித்தால் இந்நூற்றாண்டின் முடிவில் வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரி உயரக்கூடும். அது ஏழைகளுக்குக் கொடிய உலகமாக இருக்கும். பத்தாண்டுகள் வீணானால் பத்தாண்டுக் கம்பளி மேலும் ஏறும். அதை இறக்கப் பல நூற்றாண்டுகள் ஆகும். அவசரம் என்று சொல்வது இதனால்தான்.

ஆயினும் வேலை தொடங்கிவிட்டது. உலகிலேயே முதன்முதலாக, 1882-இல், பொதுமக்களுக்கு நிலக்கரியால் மின்சாரம் வழங்கிய நகரம் இலண்டன். அதே பிரித்தானியா 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டது. சூரிய ஒளியால் மின்சாரம் எடுக்கும் செலவு 2010-க்குப் பின்னான பதின்மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. வத்திக்கானில் திருத்தந்தையின் மறைக்கல்வி உரை நடைபெறும் ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரையில் 2008 முதல் சூரிய மின்தகடுகள் உள்ளன.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஆரல்வாய்மொழிக் கணவாயை நினைத்துப் பாருங்கள். அங்கேதான் காற்றாடிமலையில் 1752 சனவரி 14 அன்று தேவசகாயம் பிள்ளை வேதத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டதிலிருந்து திருப்பயணிகள் திரளாகச் செல்கின்றனர். செல்லும் வழியெல்லாம் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுழல்வதைக் காண்கின்றனர். மலைக்குப் பெயர் தந்த அதே காற்று இன்று நம் வீடுகளில் விளக்கேற்றுகிறது. தமிழகத்துக் காற்றாலைகளின் மொத்தத் திறன் இப்போது 11,000 மெகாவாட்டுக்கு மேல். முப்பத்தைந்து, நாற்பது ஆண்டுகளுக்கு முன்னே இதைச் சொல்லியிருந்தால் நம்மில் எத்தனை பேர் நம்பியிருப்போம்?

இங்கே ஞானோபதேசத்தில் நாம் படித்த பாடமொன்றை நினைவூட்டுகிறேன். விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்பவை மூன்று தெய்வீகப் புண்ணியங்கள். அவற்றுள் நம்பிக்கைக்கு எதிரான பாவங்கள் இரண்டு. ஒன்று அவநம்பிக்கை: “எல்லாம் முடிந்துவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்பது. மற்றது மட்டுமீறிய துணிவு: “கடவுள் பார்த்துக்கொள்வார்; விஞ்ஞானிகள் எதையாவது கண்டுபிடிப்பார்கள்; நாம் நம் பாட்டுக்கு இருப்போம்” என்பது. உங்கள் மகள் முதலாவதின் விளிம்பில் நிற்கிறாள். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவதில் வசதியாய்ப் படுத்துறங்குகிறோம். இரண்டும் மனிதனைக் கைகட்டி உட்கார வைப்பவையே. எது பெரிய பிழை என்று நான் தீர்ப்பிடப் போவதில்லை. ஆனால் உறங்குகிறவர்கள் அஞ்சுகிறவளை அதட்டுவது முறையாகாது.

நம்பிக்கை என்பது எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமானால் தொடக்க நூலைத் திறந்து யோசேப்பின் வரலாற்றை வாசியுங்கள். ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் விழுங்கும் கனவைப் பார்வோன் கண்டான். ஏழாண்டுச் செழிப்புக்குப் பின் ஏழாண்டுப் பஞ்சம் வருமென்று யோசேப்பு பொருள் கூறினார். அதை மட்டும் சொல்லி அழுதுவிட்டுப் போகவில்லை. பஞ்சம் வராது என்று மன்னனுக்கு இனிமையாகவும் பேசவில்லை. விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்குக, களஞ்சியங்களில் சேர்க்க, அதற்கெனப் பொறுப்பாளரை நியமிக்க என்று வழியும் சொன்னார். எகிப்து பிழைத்தது. அண்டை நாட்டாரும், அவரை விற்ற சொந்தச் சகோதரரும் பிழைத்தனர்.

இவ்வரலாற்றில் நாம் பலமுறை கவனியாமல் கடந்து செல்லும் வசனம் ஒன்று உண்டு. பஞ்சம் தொடங்குமுன் யோசேப்புக்குப் புதல்வர் இருவர் பிறந்தனர் என்று மறைநூல் குறித்துவைக்கிறது. மனாசே, எப்பிராயிம் என்பவை அவர்களின் பெயர்கள். சற்று நின்று எண்ணிப் பாருங்கள். எகிப்து முழுவதிலும், வரப்போகும் பஞ்சத்தை ஐயமற அறிந்திருந்தவர் அவரே. எத்தனை ஆண்டு நீடிக்கும் என்றும் அறிந்திருந்தார். அவர்தாம் மணமுடித்து, இரு பிள்ளைகளுக்குத் தகப்பனானார். கண்ணை மூடிக்கொண்டு அவர் அப்படிச் செய்யவில்லை. பகலெல்லாம் களஞ்சியம் கட்டியவர் மாலையில் தொட்டிலை ஆட்டினார். களஞ்சியம் கட்டாதவன் தொட்டிலை மட்டும் ஆட்டியிருந்தால் அது அசட்டுத்தனம். களஞ்சியம் கட்டிக்கொண்டே தொட்டிலையும் ஆட்டினாரே, அதுதான் நம்பிக்கை.

அம்மா, உங்கள் மகளிடம் பிள்ளை பெறு என்று வற்புறுத்தும்படி நான் சொல்லவில்லை. அது அவளும் அவளை மணக்கப்போகும் இளைஞனும் இறைவன் திருமுன் மனம்விட்டுப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. திருமணத்துக்கு முன்பே பேசிவிட வேண்டியதும் ஆகும். அவளிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “மகளே, நீ அஞ்சுவது சரிதான். வா, நாம் சேர்ந்து என்ன களஞ்சியம் கட்டலாம்?”

அக்கேள்வி நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரியது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்க நடுவண் அரசு 2024-இல் புதிய மானியத் திட்டம் தொடங்கியது. அதைப் பற்றி விசாரித்தோமா? நம் கோவில், பள்ளி, மடங்களின் அகன்ற கூரைகள் வெயிலை வீணே வாங்கிக்கொண்டிருக்கின்றனவா? பங்குத் திருவிழாவில் பத்து நாளும் எரியும் அலங்கார விளக்குகள் புனிதரைப் பெருமைப்படுத்துகின்றனவா, பக்கத்துப் பங்கைத் தோற்கடிக்கின்றனவா? திருமண விருந்தில் இலையோடு எறியப்படும் சோறு எத்தனை? இரவுச் செபத்தில் ஆத்தும சோதனை செய்யும்போது இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆயினும் விளக்கை அணைத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று ஓய்ந்துவிடலாகாது. வானத்து ஓட்டை அடைபட்டு வருவது தனிமனித ஒறுத்தலால் மட்டும் அன்று. நாடுகள் கூடிச் சட்டம் செய்ததால். குப்பியை வாங்க மறுத்தவர்களே பின்னர்ச் சட்டத்தையும் கேட்டார்கள். நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரிடம் மின்சாரம் எங்கிருந்து எடுப்பீர்கள், ஏரிகளையும் சதுப்பு நிலங்களையும் எப்படிக் காப்பீர்கள், புயலில் படகையும் வலையையும் இழந்தோருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கிறோமா? சாலையும் குழாயும் கேட்கத் தெரிந்த நமக்கு இதையும் கேட்கத் தெரிய வேண்டும்.

உங்கள் மகள் விரும்பினால், பங்கின் இளையோரைக் கூட்டி, நான் மேலே எழுதிய ஓசோன் கதையை அவளே எடுத்துச் சொல்லட்டும். அச்சம் ஒருத்தியின் நெஞ்சில் தனித்திருக்கும்போது நஞ்சாகிறது. பலர் சேர்ந்து சுமக்கும்போது அதுவே வேலை செய்யும் வலிமையாகிறது. அவள் மனம் எப்படித் திரும்புகிறது என்று ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.

வறண்ட ஆண்டுகளுக்கு முன்னே செழிப்பான ஆண்டுகளை நமக்குத் தந்த இறைவன், அவற்றைப் பயன்படுத்தும் அறிவையும் தருவாராக. உங்கள் இல்லத்தில் களஞ்சியமும் தொட்டிலும் ஒருங்கே நிறைவதாக.